சைனும் காஸும் இடம் மாறிய நோட்டு

பதினொன்றாம் வகுப்பில் எங்களுக்கு இயற்பியல் எடுத்த சார், கேள்விகளை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று வரும், இன்னொன்று வராது. பரீட்சையில் வரும் என்றால் நோட்டில் எழுத வைத்து, ஸ்கேல் வைத்துக் கட்டம் போட வைத்து, மனப்பாடம் செய்ய வைப்பார். வராது என்றால் பக்கத்தைப் புரட்டிவிடுவார். புவியீர்ப்பில் பாதி அப்படித்தான் காணாமல் போனது.

கேள்வித்தாளில் இருந்த வார்த்தை என்னவோ 'வருவி'. சமன்பாட்டை வருவி. அடிப்படையிலிருந்து படிப்படியாக நடந்து அதை நீயே வரவழை என்று பொருள். எனக்கு அந்த வார்த்தை ரொம்பப் பிடிக்கும். எங்கள் வகுப்பில் மற்ற அறுபத்திரண்டு பேருக்கும், சாருக்கும் சேர்த்து, அதன் பொருள் 'ஒப்புவி'.

பாடம் லேசானது இல்லை. கணக்கு வகுப்பில் வகையீடு பொங்கலுக்குப் பிறகுதான். இயற்பியலோ பள்ளி திறந்த மாதமே அதைக் கேட்டது. நான் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வருகிறவள். டியூஷன் கிடையாது. ரஃப் நோட்டில் படம் போட்டுப் போட்டுப் பார்ப்பேன். திடீரென்று புரியும்போது யாரிடமோ சண்டை போட்டு ஜெயித்த மாதிரி இருக்கும்.

காலாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு வளைவுச் சாலை வந்தது. சாலை வளையும் இடத்தில் வெளிப்பக்கத்தை உயர்த்திப் போடுவார்கள்; அந்தச் சாய்வு எவ்வளவு என்று வருவிக்க வேண்டும். எங்கள் ஊர் ரோட்டிலேயே அப்படி ஒரு வளைவு உண்டு. நின்றுகொண்டே வருகிற எனக்கு அதைக் கால்தான் முதலில் சொல்லும். ரோடு பஸ்ஸைத் தாங்குகிற விசையை இரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். காஸ் பங்கு மேலே தள்ளி எடையைச் சுமக்கும், சைன் பங்கு பக்கவாட்டில் தள்ளி பஸ்ஸைத் திருப்பும். ஒன்றை இன்னொன்றால் வகுத்தேன். விடை வந்தது.

பேப்பர் திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தின் குறுக்கே சிவப்புக் கோடு, ஐந்துக்குப் பூஜ்யம். மற்றவர்கள் ஒப்புவித்த நேரத்தில் நான் வருவித்துக்கொண்டிருந்ததால் இரண்டு பெரிய கேள்விகளுக்கு நேரமே இல்லாமல் போயிருந்தது. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். மொத்தத்தில் பாஸ் மார்க்குக்கு மூன்று குறைந்தது.

பக்கத்துப் பெண்ணுக்கு அதே கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. வாங்கிப் பார்த்தேன். சார் சொன்ன நோட்டை எழுத்து பிசகாமல் இறக்கியிருந்தாள். அந்த நோட்டில் சைனும் காஸும் இடம் மாறியிருந்தன. அப்படி வகுத்தால் விடை தலைகீழாகத்தான் வரும். ஆனால் கடைசி வரியில் மட்டும் எங்கிருந்தோ சரியான விடை வந்து உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றி அழகான கட்டம் வேறு.

பேப்பரை எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

"சைன் காஸ் மாறியிருக்கு சார்."

"ஆமா, நீதான் மாத்தி எழுதியிருக்க."

"நோட்ல மாறியிருக்கு சார். சமமான ரோடுன்னா கோணம் பூஜ்யம், அப்போ சைனும் பூஜ்யம். நோட்டுப்படி பாத்தா பஸ்ஸுக்கு வெயிட்டே இல்லன்னு வருது."

நோட்டை ஒரு தடவை பார்த்தார். "சமமான ரோடு வராதும்மா," என்றார்.

பஸ்ஸுக்கு எடை இல்லையாம். அன்றைக்குக் காலையில்தான் எங்கள் ஊர் வழியாக வருகிற செஞ்சி பஸ்ஸில் ஒரு ஆள் என் காலை மிதித்துக்கொண்டே பாதி தூரம் வந்திருந்தார். கட்டைவிரல் வீங்கியிருந்தது.

காலாண்டில் இயற்பியலில் பெயிலானவர்களை வணிகவியல் குரூப்புக்கு மாற்றிவிடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். ரிசல்ட் கெடக்கூடாது இல்லையா. வணிகவியல் மட்டமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. அதை ஆசைப்பட்டு எடுத்தவர்கள் இருந்தார்கள். பெயிலானவர்களைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடமாக அதை வைத்திருந்தது அவர்களுக்கும் அவமானம்தான். கையெழுத்துப் போட அம்மாவை வரச் சொன்னார்கள்.

அம்மா ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். பௌர்ணமிக்கு மறுநாள் அங்கே எல்லா அறையும் ஒன்றாகக் காலியாகும். அன்றைக்குப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள். யாரிடமோ கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"நல்ல பொண்ணுதாம்மா," என்றார் சார். "ஆனா சொல்றத எழுத மாட்டேங்குது. தனக்குன்னு ஒரு வழி வெச்சிருக்குது."

"இந்த ஒரு தபா பாத்து விட்ருங்க சார். இனிமே நீங்க சொல்றதையே எழுதும்."

நான் வாயைத் திறந்தேன். படம் பையில் தயாராக இருந்தது. அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். சோப்புத் தண்ணீரில் வெடித்துப் போன விரல்கள், நல்ல அழுத்தம்.

சார் பேப்பரை இழுத்து, சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் 'கருணை 3' என்று எழுதினார். ஐந்து இல்லை, மூன்று. பாஸாகத் தேவையானது மட்டும்.

"உங்களுக்குப் புண்ணியமா போவும் சார்," என்ற அம்மா என் பக்கம் திரும்பி, "சாருக்கு தேங்க்ஸ் சொல்லு," என்றாள்.

சொன்னேன். என்னுடைய ஐந்தில் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றைப் பிச்சையாகப் போட்டவருக்கு, நான், தேங்க்ஸ் சொன்னேன். இப்போது எழுதும்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. நான்கு வகுப்பு, கட்டுக் கட்டாகப் பேப்பர், அந்த நோட்டே அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்ததாக இருக்கலாம். இருந்தாலும் ஒரு நிமிடம் படம் போட்டுப் பார்த்திருக்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்குக்கூட நான் தகுதி இல்லாதவளா?

பஸ் நிறுத்தத்தில் அம்மா கேட்டாள்.

"நீ எழுதுனது சரியா, தப்பா?"

"சரிம்மா."

"தெரியும். உன் மூஞ்சியே சொல்லிச்சி."

"அப்புறம் ஏம்மா கெஞ்சின?"

"குரூப்பு போயிட்டா சரிய வெச்சிகினு இன்னா பண்ணுவ?"

அம்மா கேட்டதும் சரிதான் என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. அம்மா விடுதிக்கு, செங்கம் ரோட்டுப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிப் போனாள். நான் வகுப்புக்குத் திரும்பினேன்.

அடுத்த மூன்று மாதம் வருகிற கேள்வி, வராத கேள்வி எல்லாவற்றையும் வருவித்தேன். கை தானாக ஓடும் வரை, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு. புரட்டிவிட்ட புவியீர்ப்புப் பக்கங்களையும் விடவில்லை.

அரையாண்டில் வளைவுச் சாலை மறுபடியும் வந்தது. நோட்டில் இருப்பது எனக்கு மனப்பாடம்தான். அதை எழுதினால் ஐந்து நிச்சயம். எடைக்கு நேரே காஸ் என்றுதான் எழுதினேன். கீழே ஒரு வரி கூடுதலாக, சமமான ரோட்டில் நிற்கும் பஸ்ஸின் எடை என்ன என்றும் போட்டுக் காட்டினேன்.

அதே சிவப்புக் கோடு, ஐந்துக்குப் பூஜ்யம். ஆனால் இந்த முறை மொத்தம் பாஸ் மார்க்கைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. சார் பேப்பரை நீட்டினார். வாங்கிக்கொண்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. நானும் யாருக்கும் தேங்க்ஸ் சொல்லவில்லை.