பந்தக்காலும் துரட்டியும்

என் கல்யாணப் பந்தலில் பந்தக்காலாக நட்ட கல்யாண முருங்கைக் கிளையை, பந்தல் பிரித்ததும் பிடுங்கி வந்து ராயபுரத்தில் மாமியார் வீட்டுக் கொல்லையில் ஊன்றினார்கள். அது துளிர்த்தால் குடும்பம் தழைக்கும். துளிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார்கள். உப்பு மண், கடல் காற்று. தினமும் அந்தக் குச்சி முகத்தில்தான் விழித்தேன், அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றினேன். துளிர் விட்ட அன்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தது நானில்லை, மாமியார்.

அப்புறம் அது வளர்ந்த வேகம்! இலையைப் பறித்து அரைத்து அடை சுட்டோம். சில வருஷத்தில் ஒரு மாசி மாதம் இலையெல்லாம் கொட்டி, மரம் முழுக்கச் சிவப்புப் பூ. தேன் குடிக்க வந்த மைனாக்களின் கூச்சல் காதைப் பிளந்தது. துறைமுகத்தில் கரி இறக்கிவிட்டு வரும் என் வீட்டுக்காரர் மூஞ்சி கழுவக்கூட மறந்து நின்று பார்ப்பார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, ஏதோ நானே பூத்த மாதிரி.

பூ காயாகி, காய் முற்றி, கருஞ்சிவப்பு விதை கொட்டியது. தெருப் பிள்ளைகள் அதைக் கல்லில் தேய்த்து ஒருவருக்கொருவர் சூடு வைத்து விளையாடும். பச்சையாகத் தின்றால் விஷம். ஒருநாள் தவழ்ந்துகொண்டிருந்த என் மகள் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். மாமியார் விரலை விட்டுத் தோண்டினார். விதை முழுசாக வந்தது. குழந்தை சிரித்தது. மாமியார் நேரே போய் அரிவாளை எடுத்து வந்தார்.

நான் ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன். உடம்பெல்லாம் முள் குத்தியது.

"நவுரும்மே! புள்ளைய கொல்லப் பாக்குற மரம் இன்னாத்துக்கு?"

"இது எங்க பந்தக்காலு அத்தே! வெட்டினா உங்க புள்ளைக்கு இன்னா ஆவும்னு யோசிங்க!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. பேத்தியா, பிள்ளையா? பாவம், அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் கரிமூஞ்சியோடு உள்ளே வந்தார். அம்மா கையில் அரிவாள், பெண்டாட்டி கையில் மரம்.

"இன்னாம்மா, நான் உசுரோடதான கீறேன்?"

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். சிரிக்கச் சிரிக்க முள் இன்னும் குத்தியது.

மறு வருஷத்திலிருந்து, காய் பிஞ்சாக இருக்கும்போதே மாமியார் நுனியில் கொக்கி வைத்த துரட்டியோடு கிளம்பிவிடுவார். ஒன்று விடாமல் இழுத்துப்போட்டுக் குழி தோண்டிப் புதைப்பார். வேறு யாரையும் நம்பமாட்டார்.

என் நாத்தனார் கல்யாணத்துக்கு எங்கள் மரத்துக் கிளைதான். மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அதே அரிவாளால் மாமியாரே வெட்டினார். பந்தல் பிரித்ததும் கிளையைத் தன் மகள் கையில் கொடுத்தார். அழுதுகொண்டே கூட இன்னொன்றையும் கொடுத்தார்: ஒரு புதுத் துரட்டி.