மாலைக்குப் போன விரல்

என் வலது ஆள்காட்டி விரலில் நகம் இருந்த கணு இப்போது இல்லை. போரிலா போனது? ஒரு சாமந்தி மாலைக்காகப் போனது. அதுவும் ஆயுத பூஜையில் சுண்டலுக்கு மட்டும் போய் நிற்கிறவனின் விரல்.

காரைக்காலில் பிளாஸ்டிக் பை செய்யும் ஆலை. உருளை இயந்திரம் என் பொறுப்பு. பூஜைக்கு அதைத் துடைத்து, விபூதிப் பட்டை போட்டு, மாலை சாத்துவார்கள். மறுநாள் முதல் ஓட்டம் மாலையோடுதான் ஓட வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் சட்டம். பூ நசுங்குமாம், அதனால் உருளையை மூடும் வலைக் கதவைத் திறந்தே விட்டிருந்தார்கள்.

"முட்டாப் பசங்களா, கதவ மூடுங்கடா" என்று கத்தினேன். கத்திவிட்டு நானே சுவிட்சைப் போட்டேன். என் கோபம் எப்போதும் வாயோடு சரி.

மாலை சரிந்து உருளைக்குள் இறங்கியது. பாய்ந்து பிடித்தேன். ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பக்கத்து இயந்திரத்துக்காரர், தலத்தெரு பாய், ஓடிவந்து நிறுத்தினார். "யா அல்லா! கைய இழுக்காதீங்க!" கைக்குட்டையால் கட்டும்போதே, "சாமியே இல்லம்பீங்க, மாலைக்கு மட்டும் பாயுறீங்க" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் சூப்பர்வைசர் குழைந்தார். "அண்ணே, பைக் செயின்ல மாட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க. கம்பெனின்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்துடுவாரு."

ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படி எழுதிவிட்டால், நாளை விரல் இல்லாதவன் வேண்டாம் என்று துரத்தினாலும் நான் எங்கேயும் போய்க் கேட்க முடியாது. அது தெரிந்தும் தலையாட்டினேன். வீராதி வீரன்.

டாக்டரம்மா காயத்திலிருந்து ஒரு மஞ்சள் இதழை எடுத்தார். "இது என்னங்க?"

"பைக்குக்கும் பூஜை போட்டோம் டாக்டர்" என்று சூப்பர்வைசர் முந்தினார்.

"யாரு பைக்கு?"

"இவரோடதுதான்."

"எனக்கு பைக்கே ஓட்டத் தெரியாதுங்க!" என்று அலறினேன். "வரிச்சிக்குடியிலேருந்து பஸ்லதான் வர்றேன். ரோலர்ல மாட்டுச்சு. கதவு தொறந்து கெடந்துச்சு. அப்படியே எழுதுங்க!"

நியாயத்துக்காக அலறினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மரத்துப்போகும் ஊசி சரியாகப் பிடிக்கவில்லை, அந்த நேரம் பார்த்து அவர் தையலைத் தொடங்கிவிட்டார்.

அப்படியே எழுதினார். இன்ஸ்பெக்டரும் வந்தார். வேலையை விட்டு என்னை அனுப்ப முடியவில்லை. வலைக் கதவு மூடினால்தான் இயந்திரம் ஓடும் என்று மாற்றிவிட்டார்கள். சூப்பர்வைசர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நிம்மதியாக இருக்கிறது.