அத்தை கேமராவை ஆட்டிய கதை

"உங்க அத்தைக்கு எத்தனை நாளாக் கை நடுங்குது?" என்று ஸ்டுடியோ முதலாளி என்னிடம் கேட்டார். நடுங்கவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கணினியில் திறந்து வைத்திருந்த படங்களைப் பார்த்தால் யார் நம்புவார்கள்?

அத்தை அந்த ஸ்டுடியோவில் பதினெட்டு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறாள். "ஆடாதீங்க, சிரிக்காதீங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க." அவள் ஒரு அதட்டல் போட்டால் கைக்குழந்தைகூடக் கப்சிப். வாரம் முழுக்க இப்படி ஊரை அடக்கிவிட்டு, விடுமுறை நாளில் ஏரிக்கரைக்குப் போய், கேமராவையே வேண்டுமென்று ஆட்டி ஆட்டிப் படமெடுப்பாள். மரமெல்லாம் பச்சைக் கோடாகிவிடும், தண்ணீர் இழுத்துவிட்ட துணி மாதிரி நீளும்.

"மரம் எங்கே அத்தை?"

"அதைத்தான் தினம் பாக்குறியே, இதுலயும் அதே வேணுமா உனக்கு?"

ஒரு வாரம், ஏரிக்கரைப் படங்கள் இருந்த மெமரி கார்டு ஸ்டுடியோ கார்டோடு மாறிவிட்டது. அச்சுப்போடத் திறந்த முதலாளிக்கு முகங்களுக்குப் பதில் நாற்பது கலங்கல் படங்கள்.

"நாளையிலேருந்து நீ கவுன்ட்டர்ல உக்காரும்மா. கேமராவை வேற ஆள் பாத்துக்கட்டும்" என்றார் அத்தையிடம், பாவப்பட்ட குரலில்.

அத்தையின் முகம் செத்துவிட்டது. கேமரா இல்லாமல் அவளை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. ஆனால் அவள் கெஞ்சவில்லை.

"சார், ரெண்டு நிமிஷம் வாசலுக்கு வாங்க."

எதிரே சாலையோரம் வரிசையாக மரங்கள். ஷட்டர் அரை நொடி திறந்திருக்கும்படி வைத்தாள். கேமராவை மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே பொத்தானை அழுத்தினாள், படம் முடிந்த பிறகும் கையை நிறுத்தவில்லை. இப்படி மூன்று முறை. திரையில் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருந்தன. கோடு ஒன்றுகூட வளையவில்லை.

"நடுங்குற கை மூணு தடவையும் ஒரே மாதிரி நடுங்குமா சார்?"

முதலாளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதென்ன பெரிய வித்தை, குடு இங்கே" என்று கேமராவை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினார். வந்த படம் கொட்டிப்போன நூடுல்ஸ்.

"ஐயையோ," என்றாள் அத்தை, "உங்களுக்கு எத்தனை நாளா சார் இப்படி?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடிவிட்டேன். மறுநாள் அத்தை வழக்கம்போல் கேமராவுக்குப் பின்னால் நின்றாள். கவுன்ட்டரில் முதலாளி, தன் செல்போனை மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் பழகிக்கொண்டிருந்தார்.

கலங்கிய படத்தைப் பார்த்ததும் "ஐயோ, போச்சு" என்று அழிப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள்.