உப்புக் குடோனில் ஒரு ரேஸ் கார்

வேகமாக ஓடும் கார்களை ரிப்பேர் செய்யும் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: நம்மிடம் வரும் வண்டி ஒன்றுகூட ஓடி வராது, கயிறு கட்டி இழுத்துக்கொண்டுதான் வருவார்கள். மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாக, 2004-ல் இந்தத் தொழிலை ஆரம்பித்தேன். சனிக்கிழமை காலையானால் சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்குக் கார்கள் பறக்கும். பறக்கிற கார்களில் ஒன்றிரண்டு எப்படியும் எங்கள் ஊர் உப்பளத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். எனக்கு அது போதும்.

வீட்டுக்குச் சோபா வாங்க யோசித்துவிட்டு, காருக்கு பக்கெட் சீட் வாங்கியவரா நீங்கள்? பக்கத்து வண்டியின் சத்தத்தை வைத்தே அதற்கு என்ன வியாதி என்று சொல்கிறவரா? அப்படியென்றால் நாம் ஒரே ஆஸ்பத்திரி வார்டு. இதெல்லாம் உங்களுக்குத்தான்.

மேட்சிங் சிவப்பு

அப்பாவுக்கு உப்பளம். பழைய உப்புக் குடோன் ஒன்று சும்மா கிடந்தது. அதையே ஒர்க்‌ஷாப் ஆக்கினேன். கூட வேலைக்கு பஷீர் பாய் சேர்ந்தார். டிங்கரிங், வெல்டிங், பெயிண்டிங் மூன்றும் தெரிந்தவர். மூன்றிலும் தமிழ்நாட்டிலேயே தனக்கு அடுத்து ஆள் இல்லை என்பது அவரது அபிப்பிராயம். அதைத் தினமும் சொல்வார். ஆனால் உப்பு ஊறிய சுவருக்கும் இரும்புக்கும் என்ன உறவு என்று நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. மழை வந்தால் அந்தச் சுவர் வியர்க்கும். காலையில் வைத்த ஸ்பேனர் சாயங்காலம் மஞ்சள் தடவின மாதிரி இருக்கும்.

முதல் பெரிய கஸ்டமர் பாண்டிச்சேரி டாக்டர் ஒருவர். செக்கச்செவேலென்று இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார், வெளிநாட்டுச் சரக்கு. பம்பாயில் யாரோ ஓட்டிச் சலித்ததை வாங்கியிருந்தார். கிளட்ச் தட்டு கப்பலில் வரவேண்டும் என்பதால் வண்டி எங்களிடம் நின்றது. தட்டு வந்து, மாட்டி, டாக்டருக்குப் போன் போட்ட பிறகுதான் சக்கரத்தைக் கவனித்தேன். நாலு பிரேக் டிஸ்க்கும் துருவேறி ஆரஞ்சாகச் சிவந்திருந்தன. மேலோட்டமான துருதான், நாலு தடவை பிரேக் அடித்தால் போய்விடும். ஆனால் அதைச் சொல்வதற்குள் டாக்டர் வந்து இறங்கிவிட்டார். காரைச் சுற்றி வந்தார், சக்கரத்தருகே குனிந்தார், நிமிர்ந்து என்னைக் கட்டிப் பிடிக்காத குறை. "பிரேக்குக்கும் சிவப்பு அடிச்சிட்டீங்களா? சூப்பருங்க, காருக்கு அப்படியே மேட்ச் ஆகுது!"

ஒரு ஜாண்

காரைத் தாழ்த்துவது ஒரு போதை. ஸ்பிரிங்கை மாற்றி வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினால் வளைவில் சாயாது, பார்க்கவும் சிறுத்தை பதுங்கின மாதிரி இருக்கும். ரேஸ் டிராக்கில் நான் அதற்கு ஓட்டுப் போடுவேன். நம் ரோட்டில் மாட்டேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், ஒருவர் கேட்டதில்லை.

கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் சென்னை இளைஞர் ஒருவர், "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிச் சொல்லி இறக்கிக்கொண்டார். குயிலாப்பாளையத்தில் கெஸ்ட் ஹவுஸ் புக் பண்ணியிருந்தார். அங்கே முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே வண்டியின் வயிறு சரியாக உட்கார்ந்துவிட்டது. முன் சக்கரமும் சுற்றுகிறது, பின் சக்கரமும் ஆடுகிறது, கார் மட்டும் தராசு மாதிரி நடுவில். நானும் பாயும் ஜாக்கி எடுத்துக்கொண்டு போவதற்குள் ஊரே கூடி, சைக்கிளில் வந்த வெள்ளைக்காரர்கள் உட்பட ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தூக்கி இறக்கிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டே டீக்கடைக்காரர் அந்த இளைஞரைக் கேட்டார்: "ஏம்பா, இவ்ளோ செலவு பண்ணி வாங்கறவன், ஒரு ஜாண் உயரமா வாங்கியிருக்கக் கூடாதா?"

மாப்பிள்ளை வர்றார்

சத்தத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது என் உறுதியான கருத்து. பின்னால் பெரிய குழாயை மாட்டினால் இன்ஜின் பலசாலி ஆகாது, அக்கம்பக்கம் பகையாளி ஆகும், அவ்வளவுதான். இதை அரிசி மில் முதலாளி மகன் முருகவேலிடம் எடுத்துச் சொன்னேன். சின்ன கார் வைத்திருந்தான். "அண்ணே, பவர் வேணாம். சத்தம் குடுங்க போதும்" என்றான். குடுத்தோம். பாய் தன் கையால் குழாய் வளைத்தார். ஸ்டார்ட் பண்ணியபோது குடோன் ஓட்டிலிருந்து புறா எல்லாம் கிளம்பிப் போய்விட்டது.

அடுத்த வாரம் அதே காரில் பெருமுக்கல் பக்கம் பெண் பார்க்கப் போனான். ஊர் எல்லையிலேயே சத்தம் கேட்டு, கிணற்றில் யாரோ புது டீசல் பம்ப் இறக்குகிறார்கள் என்று நினைத்துப் பெண் வீட்டார் கிணற்றுப் பக்கம் ஓடியிருக்கிறார்கள். மாப்பிள்ளையை வரவேற்க வாசலில் ஆளே இல்லை. முருகவேலின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. சம்பந்தம் முறிந்தது என்று நினைத்து அவன் என்னிடம் வந்து, சைலன்சரைக் கழற்றச் சொல்லிக் கிட்டத்தட்ட அழுதான். பாய் குழாயில் கை வைக்கும் நேரத்தில் அவனுக்குப் போன் வந்தது. பெண் சம்மதித்துவிட்டாள். காரணம் கேட்டதற்கு அவள் வீட்டில் சொன்னதாக அவன் எங்களிடம் சொன்னது இதுதான்: "அவர் எங்க இருக்கார்னு நான் போன் போட்டுக் கேக்கவே வேணாம், தானா தெரிஞ்சிடும்."

எதிரில் லாரி வராத ரோடு

ஞாயிற்றுக்கிழமை ஃபார்முலா ஒன் ரேஸ் என்றால் ஒர்க்‌ஷாப் டிவி முன்னால் கூட்டம் சேர்ந்துவிடும். முதலில் நானும் பாயும்தான். பிறகு உப்பளத்து ஆட்கள் வந்தார்கள், பிறகு குப்பத்திலிருந்து மீனவர்கள். சிவப்புக் கார் கட்சி, வெள்ளிக் கார் கட்சி என்று இரண்டாகப் பிரிந்து விசில் அடித்துக்கொள்வார்கள். அதில் அஞ்சப்பன் என்று ஒருவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். டிரைவரைப் பார்க்கவே மாட்டார். இன்ஜின் சத்தம் மேலே ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் அவரைப் பார்த்த அன்றே இது நம் வார்டு ஆள் என்று தெரிந்துவிட்டது.

அந்த 2004 டிசம்பரில் சுனாமி, கடல் உள்ளே வந்தது. அஞ்சப்பன் குடும்பம் பிழைத்தது, படகு போய்விட்டது. மாதக்கணக்கில் அவர் ரேஸ் பார்க்க வரவில்லை. வருவார் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை. நிவாரணத்தில் ஃபைபர் போட் ஒன்றும் சின்ன டீசல் இன்ஜினும் வந்த மறுநாள், அந்த இன்ஜினைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்து நின்றார். "தம்பி, இதுக்கு ஸ்பீடு பத்தல. கரைக்கு மொதல்ல வர்றவன் மீனுக்குத்தான் வெல. கொஞ்சம் ஏத்திக் குடு." அந்த மனுஷன் மறுபடி வேகம் கேட்டு வந்ததில் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. பாயும் நானும் மற்ற வேலையை எல்லாம் ஓரம் கட்டிவிட்டு, டீசல் பம்ப்பைச் சரிபண்ணி, வால்வை உட்காரவைத்து, காற்று தாராளமாகப் போக வழி பண்ணிக் கொடுத்தோம்.

டெஸ்ட் டிரைவுக்கு என்னையும் ஏற்றிக்கொண்டார். டிராக்கில் நான் நூற்று நாற்பதில் போயிருக்கிறேன். போட்டில் அதில் கால்வாசிகூட இருக்காது. ஆனால் அலையில் ஏறி, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, தொப்பென்று விழுந்து, அடுத்த அலைக்கு மூக்கைத் தூக்கும்போது எனக்கு உயிரே கையில் இல்லை. பலகையைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். பயமா, ஆனந்தமா, இரண்டும்தான். அஞ்சப்பன் சுக்கானைப் பிடித்தபடி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. "கண்ணத் தொறந்து பாருப்பா! இந்த ரோட்ல எதிர்ல லாரி வராது!"

சீக்கிரம் வந்த குற்றம்

கார் ரேலியில் ஒரு வகை இருக்கிறது. வேகமாகப் போகிறவனுக்குப் பரிசு கிடையாது. சொன்ன வேகத்தில், சொன்ன நேரத்துக்கு வந்து சேரவேண்டும். தாமதமானாலும் மைனஸ், முந்தினாலும் மைனஸ். டிரைவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டே வழி சொல்லவேண்டும். முதலில் பஷீர் பாயை உட்காரவைத்துப் பார்த்தேன். "லெஃப்ட்டா ரைட்டா பாய்?" என்றால், "அந்தப் பிரியாணிக் கடை பக்கம் திரும்பு தம்பி" என்பார்.

என் மனைவி செல்வி, ஸ்கூலில் கணக்கு டீச்சர். ஒரு நாள் கால்குலேட்டரைப் பாயிடமிருந்து பிடுங்கி, "நான் வர்றேங்க" என்று ஏறிக்கொண்டாள். பாண்டிச்சேரியில் கிளம்பி இரும்பை, திண்டிவனம் வழியாக திருவண்ணாமலை வரை போகும் ரேலி. அவள் சொல்வாள், "ஸ்பீடு முப்பத்தெட்டு, முப்பத்தெட்டுதான், நாப்பது இல்ல." வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பயந்துகொண்டே ஓட்டினேன். ஆனாலும் திண்டிவனத்துக்கு அப்புறம் நல்ல ரோடு வந்ததும் என் கால் கேட்கவில்லை. செக்கிங் பாயிண்டில் முன்கூட்டியே போய் நின்றோம். மைனஸ் போட்டார்கள். செல்வி அந்த அதிகாரியை ஏற இறங்கப் பார்த்தாள். "லேட்டா வர்ற பசங்கள வெளிய நிக்க வச்சிருக்கேன் சார். சீக்கிரம் வந்தவனுக்குத் தண்டன குடுக்கற எடத்த இப்பதான் பாக்கறேன்!"

தலைகீழ்

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் செல்விக்கு ருசி பிடித்துவிட்டது. 2006-ல் நிஜமான வேக ரேலி, செஞ்சிப் பக்கம் தைல மரத் தோப்புக்குள் மண் ரோட்டில். எங்களிடம் இருந்தது ஒரு பழைய குட்டிக் கார். அதன் கதவு ஓரங்களை உப்புக் காற்று தின்றிருந்தது. பாய் அதைப் புதுத் தகடு வைத்துப் பெண் பிள்ளை மாதிரி அலங்கரித்திருந்தார். செல்வி ஒரே நிபந்தனை போட்டாள். உள்ளே இரும்புக் குழாயில் ரோல் கேஜ் கட்டவேண்டும், கார் உருண்டாலும் கூரை நசுங்காமல் தாங்கும் கூண்டு. பாய்க்கு மனசே இல்லை. "யா அல்லா! நான் வெல்வெட் தச்ச காருக்குள்ள ஜெயில் கம்பியா?" என்று இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெல்டிங் செய்தார். என் கருத்தைக் கேட்டால், இன்ஜினுக்குச் செலவு பண்ணுமுன் கூண்டுக்கும் பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் பண்ணுங்கள். மற்றதை எல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கொடி இறங்கியது. அட, அந்தச் சில நிமிஷங்கள்! பின் சக்கரம் மண்ணை வாரி இறைக்க, மரங்கள் ஜன்னலை உரசிக்கொண்டு போக, செல்வி குரல் ஹெல்மெட்டுக்குள் மணி மாதிரி ஒலிக்கிறது: "ரைட், மூணாவது கியர். நேரா. லெஃப்ட், உள்ள கல் இருக்கு." அவள் சொல்கிறாள், என் கை திரும்புகிறது. நடுவில் யோசனை என்பதே இல்லை. கல்யாணமாகி அத்தனை வருடத்தில் நாங்கள் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததில்லை. அடுத்த ரைட்டில் மண் இளகிக் கிடந்தது. வால் வீசியது, பக்கத்து உழவு நிலத்தில் சக்கரம் இறங்கியது, வானம் காலுக்குக் கீழே வந்துவிட்டது.

கூரைமேல் கவிழ்ந்து நின்றோம். மெயின் சுவிட்சை அணைத்தேன். தூசி, பெட்ரோல் வாடை. "செல்வி." இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். "செல்வி!" திரும்பிப் பார்த்தால், பெல்ட்டில் தொங்கிக்கொண்டு, கூரையில் விழுந்துகிடந்த, வழி எழுதின பேப்பர்களை இரண்டு கையாலும் துழாவிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடுத்தது லெஃப்ட்டுங்க. நாம தலகீழா இருக்கறதால இது ரைட்டா?"

பாயின் பரிசோதனை

வேடிக்கை பார்க்க வந்திருந்த விவசாயிகள் எங்களை வெளியே இழுத்துவிட்டார்கள். கசிவு ஏதுமில்லை என்று பார்த்துக்கொண்டு, காரை உருட்டி நிமிர்த்தினோம். முன் கண்ணாடி இல்லை, ஒரு கதவு இல்லை. சாவியைத் திருப்பினேன், இன்ஜின் பிடித்துக்கொண்டது. செல்வி எனக்கு முன்னால் ஏறி பெல்ட் மாட்டிவிட்டாள். கண்ணில் புழுதி அடிக்க, பூச்சியை எல்லாம் தின்றுகொண்டு, கடைசி ஆளாக ஃபினிஷ் லைனைத் தாண்டினோம். ஜெயித்தவனுக்குக்கூட அத்தனை கைதட்டல் விழவில்லை.

பஷீர் பாய் ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. கட்டிப் பிடிக்க நான் கையை விரித்தேன். அவர் என்னைத் தாண்டிக் காருக்குள் தலையை விட்டு, குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டித் தடவிப் பார்த்தார். பிறகுதான் திரும்பினார். "மாஷா அல்லா, ஒரு வெல்டிங்கூட விடல தம்பி! ஆமா, உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலியே?"

வகுப்பறைத் தீர்ப்பு

திங்கட்கிழமை செல்வி, பெல்ட் அழுத்தி வீங்கின தோளில் கட்டோடு ஸ்கூலுக்குப் போனாள். செய்தி முன்னாலேயே போய்விட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் திட்டப்போகிறார் என்று பயந்திருக்கிறாள். அவர் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கார் உருளும்போது எப்படி இருந்தது என்று இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாராம். வகுப்புக்குள் நுழைந்ததும், முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்று கேட்டிருக்கிறாள்: "டீச்சர், நீங்க வழி தப்பா சொன்னீங்களா, இல்ல சாரு நீங்க சொன்னத கேக்கலியா?"

வேகமான கார் வைத்திருப்பவன் அதை ஓட்டுகிற நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம் என்பதற்கு, இவ்வளவு தூரம் பொறுமையாக வந்த நீங்களே சாட்சி.