அப்பாவைத் தாண்டிப் போன குழந்தை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவருடைய வேலை. முன்பக்கம் விளக்கும் வாடிக்கையாளர்களும் கலகலப்புமாக இருக்கும். பின்னறையில் ஒரு மேசை, தண்ணீர் சொட்டும் சாணை இயந்திரம், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். அந்த ஸ்டூலில் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. லென்ஸுக்குப் பவர் ஏற்றுகிறவர் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் 'பவர்'. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று முன்கடைப் பெண்கள் கேலி பேசுவார்கள். அதற்கும் ஒரு சிரிப்போடு சரி.

மனைவி வெளிநாட்டில் முதியோர் இல்லமொன்றில் தாதியாக இருந்தாள். வருஷத்துக்கு ஒருமுறைதான் லீவு. வீட்டில் அவரும், சிட்டு என்று அவர்கள் கூப்பிடும் ஐந்து வயது மகளும் மட்டும். மூன்று வயதிலேயே அவளுக்கு ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு அவர் மனதைத் தயார் செய்துகொண்டார். தயார் செய்துகொள்ள முடியாதது வேறு ஒன்று.

பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகளெல்லாம் தாய் தகப்பனைக் கண்டதும் ஓடிவரும். சிட்டு சுவரைத் தொட்டுக்கொண்டே வருவாள். வந்து, விளக்குக் கம்பத்தைத் தாண்டுவது போல அவரைத் தாண்டிப் போய்விடுவாள். அவர் பின்னாலேயே போய்க் கையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் நிற்கிறவர்கள் பார்த்துவிட்டுப் பார்க்காதது போலத் திரும்பிக்கொள்வார்கள். அந்த நாகரிகம்தான் அவரை அதிகம் சுட்டது.

வேறு சில விஷயங்களும் அவர் கண்ணில் பட்டன. தரையின் நிறம் மாறுகிற இடத்தில் பள்ளம் இருப்பது போல நின்று காலால் தடவிப் பார்ப்பாள். வெறும் மேசைமேல் வைத்த பந்தை எடுத்துவிடுவாள். பூப்போட்ட விரிப்பில் வைத்தால் அதே பந்து அவளுக்குக் காணாமல் போய்விடும். ஒன்றை எடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டுவாள்.

இரண்டு இடத்தில் கண்ணைப் பரிசோதித்தார்கள். கண் பழுதில்லை, பவரும் இல்லை, கவனம்தான் இல்லை, ஆட்டிசம் என்றால் அப்படித்தான் என்று இரண்டு இடத்திலும் ஒன்றுபோலச் சொன்னார்கள். தொலைபேசியில் மனைவியும் அலுத்துக்கொண்டாள்: பிள்ளையை ஏன் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இழுத்தடிக்கிறீர்கள்? அதற்குப்பின் அவர் அவளிடமும் இதைப் பேசவில்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி தேய்க்கிறவர், தன் பிள்ளைக்கு எதைத் தேய்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

சிட்டுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள்தான் கடைசியில் ஒரு விலாசம் தந்தாள். கண் பார்ப்பதை மூளை எப்படிப் பிரித்து அறிகிறது என்று சோதிக்கிற இடம் அது. எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். முன்கூட்டியே ஒரு படிவம் அனுப்பினார்கள். பேருந்தில் அதைப் பிரித்துப் படித்தார். குழந்தை பொருளை எடுக்கும்போது முகத்தைத் திருப்புகிறாளா? தரையின் நிறம் மாறினால் தயங்குகிறாளா? கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிக்கிறாளா? யாரிடமும் சொல்லாமல் தான் ஒருவனாகப் பார்த்துக்கொண்டிருந்ததை, முன்பின் தெரியாத யாரோ வரிசையாகக் கேட்டிருந்தார்கள். இறங்கவேண்டிய நிறுத்தம் தாண்டி மூன்று நிறுத்தம் போனபிறகுதான் அவருக்கு நினைவு வந்தது.

பரிசோதனை அறையில் படமோ பொம்மையோ இல்லை. வெறும் வெள்ளைச் சுவர். பரிசோதகர் நடுத்தர வயதுப் பெண். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். கறுப்புத் துணியில் ஒரு மஞ்சள் பந்தை வைத்தார். சிட்டு எடுத்தாள். பக்கத்தில் இன்னும் நாலு பொருளை வைத்ததும் அவள் கை தடுமாறியது. கோடுபோட்ட துணியை விரித்ததும் எழுந்து போய்விட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை. தண்ணீர் கொடுத்து, ஓயவிட்டு, மறுபடி தொடங்கினார்கள். அப்படியே ஒரு காலைப்பொழுது முழுக்கப் போனது.

கடைசியில் அவருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். அதே மாதிரி கோட்டுப் போட்ட இரண்டு ஊழியர்களுக்கு நடுவில் பேசாமல் நிற்கச் சொன்னார்கள். சிட்டு உள்ளே வந்தாள். மூன்று பேரையும் தாண்டி ஜன்னலுக்குப் போனாள்.

"இப்ப ஏதாவது பேசுங்க சார்," என்றார் பரிசோதகர்.

என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "சிட்டு" என்றார்.

அவள் திரும்பினாள். நேரே வந்து அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

அவர் குனிந்து அவள் தலையில் கையை வைத்தார். பரிசோதகர் அவசரப்படாமல் காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். கண்ணு பார்க்கிறதை மூளை பிரிச்சு அறியிறதுலதான் சிக்கல் இருக்கிற மாதிரி தெரியுது. ஒரே தடவையில முடிவா சொல்லமாட்டேன், ஆறு மாசம் கழிச்சு மறுபடி பார்க்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன். உங்கள வேணாம்னு அவ தாண்டிப் போகல. அங்க நீங்க நிக்கிறது அவளுக்குத் தெரியல."

பிறகு, எழுதிக்கொண்டே கேட்டார்: "வீட்டுல அவகிட்ட பேசுவீங்களா?"

அவர் யோசித்தார். மனைவி போனதிலிருந்து வீட்டில் பேச்சு என்று எதுவும் இல்லை. பதில் சொல்லாத குழந்தையிடம் என்ன பேசுவது என்று சாப்பாட்டை வைப்பார், உடையை மாட்டுவார், கையைப் பிடித்துக் கூட்டிப்போவார். எல்லாம் வாய் திறக்காமல். அவளுக்கு அப்பா என்பது ஒரு குரல். அந்தக் குரலை, மனைவி போன இந்த ஒன்றரை வருஷமாக அவரே அடைத்து வைத்திருந்தார்.

"ரொம்ப இல்ல," என்றார்.

இனி அவளிடம் பேசிக்கொண்டே இருக்கச் சொல்லி அனுப்பினார்கள். பேசுவது அவருக்கு மலையைப் புரட்டுகிற வேலையாக இருந்தது. கதவைத் திறந்தால் "அப்பா வந்துட்டேன்". அறைக்குள் நுழைந்தால் "அப்பா இங்க இருக்கேன்". சட்டை மாட்டும்போது எந்தக் கை, எந்தப் பொத்தான் என்று சொல்ல வேண்டும். இரண்டே நாளில் சரக்குத் தீர்ந்துபோனது. அதன்பிறகு லென்ஸ்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்: இன்றைக்கு ஒரு தபால்காரருக்கு, இன்றைக்கு ஒருமாதிரிக் கோபக்காரக் கிழவருக்கு. சுவரோடு பேசுவது போலத்தான் இருந்தது. பூப்போட்ட விரிப்புகளை மடித்து உள்ளே வைத்தார். படிக்கட்டின் விளிம்புகளில் மஞ்சள் பட்டை ஒட்டினார். பள்ளிக்கூட வாசலில் நின்று, மற்றவர்கள் திரும்பிப் பார்க்க, உரக்கக் கூப்பிட்டார். பெரும்பாலான நாட்களில் அவள் நேரே வந்தாள். இரைச்சல் அதிகமான நாட்களில் வரவில்லை. அப்போது பழையபடி பின்னால் போனார், பேசிக்கொண்டே.

ஞாயிற்றுக்கிழமை மனைவி வீடியோவில் வந்தபோது முழுவதையும் சொன்னார்.

"ஏங்க, அப்ப என்னைய அவ மறக்கலையா? போன்ல என் மூஞ்சிய ஒரு தடவைகூட பார்த்ததில்லையே."

"மூஞ்சியக் காட்டாத. பேசு."

அவள் வீடியோவை அணைத்தாள். என்ன பேசுவது என்று அவளுக்கும் தெரியவில்லை. தன் அறையைப் பற்றி, மழையைப் பற்றி, படி ஏற அடம்பிடிக்கிற ஒரு முதியவரைப் பற்றிச் சொன்னாள். சிட்டு மூலையிலிருந்து எழுந்து வந்தாள். போனுக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டாள்.

அவர் சத்தம் போடாமல் சமையலறைக்குப் போய்த் தட்டுகளைக் கழுவினார். கழுவி முடித்த பிறகும் அங்கேயே நின்றார். உள்ளே அம்மாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. பேச்சே இல்லாதிருந்த வீட்டில் இப்போது அம்மாவும் மகளும் இருப்பதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.