மதுஷா வெட்டாத ரிப்பன்

என் தங்கச்சி மதுஷா எதையும் ஏறிப் பார்க்காமல் நம்ப மாட்டாள்.

பத்தாம் வகுப்பில் இருந்தபோது, அடைமழையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுச் சுவர் அவள் மேல் சரிந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலிதான். நான் எட்டாம் வகுப்போடு கொழுந்து எடுக்கப் போனவள். அவளோ வீட்டில் இருந்தபடியே உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினாள். சிங்களமும் கணினியும் படித்தாள். போன வருஷம் பதுளைப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில், தோட்டத்து மக்களுக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. எங்கள் லயத்தில் அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

வேலையில் சேரும் முன்பே அங்கிருந்து அழைப்பு வந்தது. வாசலில் சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பாதை கட்டியிருக்கிறார்களாம். பெரிய அதிகாரி வருகிறாராம். மதுஷாதான் ரிப்பன் வெட்ட வேண்டுமாம்.

"ஏன்க்கா என்னையக் கூப்பிடுறாங்க?"

"உனக்காகக் கட்டுனதுதானே?"

"அப்ப கட்டும்போது ஏன் கூப்பிடல?"

எனக்கும் அதுதான் உறுத்தியது. தோட்ட மேனேஜர் பெரிய துரை லயத்துப் பக்கம் வருகிறார் என்றால் லயத்தின் முன்பக்கத்துக்கு மட்டும் சுண்ணாம்பு அடிப்பார்கள். பின்பக்கம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும்.

போய்ப் பார்த்தோம். மஞ்சள் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. மேல் முனையில் ரிப்பன். பக்கத்தில் கேமராக்காரர். பாதையோ சுவரில் சாத்திய ஏணி மாதிரி செங்குத்தாக இருந்தது.

எங்கள் பக்கம் நடக்க முடியாதவரைக் கண்டால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, தூக்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கும் அப்படித்தான், கோயிலுக்கும் அப்படித்தான். எங்களோடு வந்த தோட்டத் தலைவர் பொன்னையாவும், "வாங்கடா, நாலு பேர் புடிங்க. ஒரு நிமிஷ வேலை" என்றார்.

மதுஷா பிரேக்கை இறுக்கினாள். "கையை எடுங்க மாமா. நானே ஏறுறேன்."

பாதி தூரத்தில் முன்சக்கரம் மேலே எழும்பியது. நான் பின்னால் பிடித்திருக்காவிட்டால் மல்லாந்திருப்பாள்.

அலுவலகப் பொறுப்பாளர் நப்ரீஸ் சேர் கத்தரிக்கோல் தட்டோடு ஓடி வந்தார். "இன்னைக்கு மட்டும் தூக்கட்டும் தங்கச்சி. உங்க உரிமைக்காக நம்ம நாடு உலக ஒப்பந்தத்திலயே கையெழுத்துப் போட்டிருக்கு."

"தெரியும் சேர். நான் ரிப்பன வெட்டுனா, இதையும் முடிஞ்ச வேலைன்னு எழுதிருவீங்க. நாளைக்கு என்னைய யாரு தூக்குவா? நீங்களா?"

"வர்ற வேலையக் கெடுத்துக்காத புள்ள!" என்றார் பொன்னையா. வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்று எனக்கும் பயம்தான். அவள் கத்தரிக்கோலைத் தட்டிலேயே விட்டுவிட்டாள்.

ஆனால் வேலை போகவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனோம். படிக்கட்டுக்குக் கீழேயே மேசை போடச் சொன்னாள். தோட்டத்து ஆட்கள் அங்கேயே வரிசை கட்டினார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட நப்ரீஸ் சேர்தான் படியிறங்கி வர வேண்டியிருந்தது. முட்டிவலியோடு இறங்கி ஏறி அலுத்துப்போய், கடைசியில் அவரே மேலிடத்துக்கு எழுதினார்.

மழைக்காலத்துக்கு முன் மேசன்மார் வந்து பழையதை உடைத்தார்கள். எங்கள் மலை ரோட்டைப் போல வளைத்து, நீளமாகக் கட்டினார்கள். கேமரா இல்லை, மாலை இல்லை. மதுஷா தனியாக ஏறினாள். நான் கீழே நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

மேலேயிருந்து அவள் கத்தினாள்: "அக்கா, அழுதது போதும். கக்கூஸ் கதவு எம்புட்டு அகலம்னு பாத்துட்டு வா!"

பார்த்தேன். நாற்காலி நுழையாது. கதவில் பெயின்ட் மட்டும் புதுசு.