பார்வதியக்கா திரும்பி வந்த பிழை

தொழில்நுட்பப் பிழைகளால்தான் வீடியோ கேமின் பெயர் கெடுகிறது என்றொரு நம்பிக்கை நாடெங்கும் பரவியிருக்கிறது. ஆழ்ந்த பொறுப்புணர்வோடு மறுக்கிறேன். பிழையைக் கண்டவர் திட்டுவார், நண்பருக்குக் காட்டிச் சிரிப்பார், மறுநாளும் ஆடுவார். கதை சலித்தவர் திட்டக்கூட மாட்டார். விமர்சனங்களில் அடி வாங்கிய சக தொழிலாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தில்லி ஓக்லாவில் ஒரு சிறு நிறுவனத்தில் கேம்களுக்குக் கதை எழுதுகிறேன். எங்கள் முதல் கேம், தில்லியில் இடிக்கப்படும் தமிழ்க் குடிசைப் பகுதியைப் பற்றியது. புல்டோசர் வருவதற்குள் அண்டை வீட்டாருக்குச் சாமான் கட்டித் தரவேண்டும். வெளியானதுமே, ஆடியவர்கள் தரும் மதிப்பெண் பாதாளத்துக்குப் போனது. மாதக் கடைசிக்குள் ஏறாவிட்டால் இணையக் கடையிலிருந்து எடுத்துவிடப் போவதாக முதலாளி மெஹ்ரா அறிவித்தார். எடுக்க விடுவதில்லை என்று நான் முடிவு செய்தேன்.

குக்கர்

ரிக்‌ஷாவில் குக்கரை வைத்தால் அது நேராக வானத்துக்கு ஏறியது. தில்லி துவாரகாவிலிருந்து ஒரு தமிழர் உதவி எண்ணுக்கு அழைத்தார். புகார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"இருக்கட்டும் சார். நான் ஏர்போர்ட்லதான் வேலை பாக்கறேன். இவ்வளவு கரெக்ட் டைமுக்கு எதுவும் கிளம்பி நான் பாத்ததே இல்ல."

தண்ணீர் லாரி

லாரி தெருவுக்குள் நுழைந்ததும் கேம் உறைந்துவிடும். அதைச் சரிசெய்ய ஒரு வாரம் போராடினோம். எங்கள் அலுவலகத்தில் டீ கொடுக்கும் ராம்சரண் திரையை எட்டிப் பார்த்துவிட்டு இந்தியில் சொன்னார்:

"எங்க காலனியிலயும் டேங்கர் வந்தா எல்லாம் நின்னுடும் அண்ணே. ஆனா தண்ணி கிடைக்கும்."

வரேன்

இரண்டையும் திருத்தியும் மதிப்பெண் அரைகுறையாகத்தான் ஏறியது. மீதிப் புகார்கள் எல்லாம் கடைசிக் காட்சியைப் பற்றியவை. இடித்த பிறகு திடல் வெறுமையாக இருக்க வேண்டும். அந்த வெறுமையைப் பெருமிதத்தோடு எழுதியிருந்தேன். ஆனால் "போயிட்டு வரேன் தம்பி" என்று முதல் ஆளாகக் கிளம்பிய பார்வதியக்கா, தன் வாசல் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் வாளியோடு நின்றாள்.

நிரல் எழுதிய ரோஹித்துக்குத் தமிழ் தெரியாது. வசனங்களைச் சொல்லுக்குச் சொல் இந்தியில் பெயர்த்துக் கொடுத்தவன் நான். 'போகிறேன்' என்று சொல்லிப் புறப்படுவது தமிழில் அமங்கலம், ஒரேயடியாகப் போகிறவரும் 'வரேன்' என்றுதான் சொல்வார் என்று உதாரணங்களோடு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"அச்சா. எனக்கென்ன தெரியும் பாய்? அந்தம்மா வரேன்னாங்க, நான் நம்பினேன்."

வாளி

பார்வதியக்காவை நீக்கும் திருத்தம் தயாராகி, கடைப் பக்கத்தில் அறிவிப்பும் போட்டாயிற்று. அன்று பிற்பகல் தில்லியின் விளிம்பிலுள்ள நரேலாவிலிருந்து ஒரு பெண் அழைத்தார். இடிக்கப்பட்ட ஒரு குடிசைப் பகுதியிலிருந்து அங்கே குடியேறியவர். மகளின் போனில் கேமைப் பார்த்திருக்கிறார்.

"நானும் எல்லார்கிட்டயும் வரேன்னு சொல்லிட்டுத்தாங்க வந்தேன். அந்தப் பொம்பளைய எடுத்துடாதீங்க. அவளாவது நிக்கட்டும்."

மெஹ்ரா

திருத்தத்தை வெளியிட மாட்டேன் என்றேன். மெஹ்ரா கத்தினார். நானும் கத்தினேன், இலக்கணப்படி. கடைசியில் அவர் விட்டுக்கொடுத்தார்; கிளம்பிய எல்லோரையுமே திரும்ப வரவைத்து, அவரவர் வாசலில் நிறுத்தி வெளியிட்டோம். விமர்சனங்களில் குறைகளைப் பற்றிய பேச்சு குறைந்து, யார் எந்த வாசலில் நிற்கிறார்கள் என்ற பேச்சு கூடியது. மாதக் கடைசியில் ஏறியிருந்த மதிப்பெண்ணைப் பார்த்த மெஹ்ரா கேட்டார்:

"அடுத்த கேமுக்கும் இந்த மாதிரி ஒரு பிழை இப்பவே யோசிச்சு வைக்க முடியுமா?"

கேம் இன்னும் கடையில் இருக்கிறது. அடுத்த கேமில் யார் வசனத்திலாவது 'வரேன்' வந்தால், "வருவாங்களா, மாட்டாங்களா?" என்று என்னிடம் கேட்ட பிறகே ரோஹித் நிரல் எழுதுகிறான்.